நுரை கட்டாத காப்பி

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்பதுதான் நாச்சிமுத்துவின் கவலையெல்லாம். கையைப் பற்றிக் கவலையில்லை, கைக்கு வேலை கொடுத்தாகிவிட்டது. மணி மூன்று பத்து. நான்கு மணிக்குக் கோகிலா அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். உக்கடத்துக்குப் போயிருக்கிறாள், பொள்ளாச்சி பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு. அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் சிங்காநல்லூர் வீட்டுக்கு அரைமணி, ஞாயிற்றுக்கிழமை என்பதால் இன்னும் சீக்கிரம். அதற்குள் இந்த எவர்சில்வர் கிண்ணத்தில் இருப்பதை அடித்து அடித்து நுரையாக்கி, ஐஸ் போட்ட பாலின் மேல் மிதக்கவிட்டு, கண்ணாடி டம்ளரில் நீட்ட வேண்டும். கோகிலா மருமகள், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகன் பிரகாஷ் போய் நாலு வருஷமாகிறது. மகன் இல்லாத வீட்டில் மருமகள் என்ன உறவு என்று சுற்றி வளைத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் நாச்சிமுத்து ஒரே பதில்தான் வைத்திருந்தார், எழுந்து உள்ளே போய்விடுவார். வருகிறவர் பெயர் இளங்கோ, பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், டீச்சர்களுக்கு நடந்த ஏதோ பயிற்சி முகாமில் பழக்கம். கட்டிக்கொள்ளலாமா என்று இரண்டு பேரும் யோசித்தார்கள், யோசித்து முடித்தும் விட்டார்கள், இப்போது நாச்சிமுத்துவின் முகத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் கோகிலா துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "மாமா, அவரு ஞாயித்துக்கெழம வரட்டுங்களா? உங்களப் பாத்துட்டுப் போகட்டும். உங்களுக்குச் சரிப்படலீன்னா வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. உங்க மொகத்தப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சு போகும். அத்தோட விட்டர்றனுங்க." தலையணை உறையை நாலாக மடித்து அடுக்கில் வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். சொன்னால் செய்கிறவள் அவள். முகம் ஒரு கணம் சுருங்கினால் போதும், ஏன் என்று கூடக் கேட்கமாட்டாள், அந்த மனிதரை அதே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு ராத்திரிக்கு என்ன டிபன் என்று வந்து நிற்பாள். அப்படி அவள் வந்து நிற்பதைத்தான் நாச்சிமுத்துவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கிண்ணத்தைப் பார்த்தால் முகத்தைக் குனிந்து வைத்துக்கொள்ளலாம், அது ஒரு சௌகரியம். செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கோகிலாவின் போனில் ஒரு பெண் செய்து காட்டியதை மூன்று தடவை பார்த்தார். பாட்டிலில் விற்கிற இன்ஸ்டன்ட் காப்பித்தூள் ரெண்டு ஸ்பூன், சர்க்கரை ரெண்டு ஸ்பூன், வெந்நீர் ரெண்டு ஸ்பூன், மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கை ஓய அடிக்க வேண்டும். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு வெளுத்து, கடைசியில் தேன் நிறத்தில் நுரை கெட்டிப்பட்டு நிற்கும், கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது. அந்தப் பெண் கவிழ்த்தே காட்டினாள். இளங்கோவுக்குச் சூடான காப்பி இறங்காதாம், இந்த ஐஸ் காப்பி என்றால் உயிராம், கோகிலா பேச்சுவாக்கில் சொன்னதுதான். "நீங்க மெனக்கெடாதீங்க மாமா, கடையில கூல் டிரிங்ஸ் வாங்கிக்கலாமுங்க" என்றாள். கடையில் வாங்கியதைக் கொடுப்பதா, முதன்முதலாக வீட்டுக்கு வருகிற ஆளுக்கு? பிடித்த பிடியில் நின்று நானே செய்கிறேன் என்று அந்த வேலையை வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தப் பாட்டில் தூள்? நாற்பது வருஷமாக இந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டி அது உள்ளே வந்ததில்லை. ரயிலில் குடிக்கலாம், ஆஸ்பத்திரியில் குடிக்கலாம், வேறு வழியில்லாதவன் குடிக்கலாம். டவுன்ஹால் பக்கம் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடையில், பீபரி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று பக்கத்தில் நின்று சொல்லி, சூடாகப் பொட்டலம் கட்டி வாங்கி வருகிறவர் அவர். அதனால் செய்முறையில் ஒரே ஒரு சின்ன மாற்றம். காலையிலேயே பித்தளை ஃபில்டரில் நாலு ஸ்பூன் தூளை அமுக்கிப் போட்டு, கரண்டிக் கணக்கில் வெந்நீர் விட்டு, சொட்டுச் சொட்டாக முதல் டிக்காஷனை இறக்கி வைத்துவிட்டார். கேவலம் பாட்டில் தூளே அப்படி நுரைத்து நிற்கிறதென்றால் முதல் டிக்காஷன் எப்படி நிற்காது! அதில் சர்க்கரையைப் போட்டு, மோர் கடைகிற மத்தை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்ட ஆரம்பித்து இருபது நிமிஷமாகிறது. குமிழி வருகிறது. வந்து கிண்ணத்தின் ஓரத்தில் ஒதுங்குகிறது, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிறது, அப்புறம் ஒவ்வொன்றாகப் போய்விடுகிறது. மில்லில் முப்பத்தொரு வருஷம் மேஸ்திரியாக இருந்தவர், அத்தனை இரைச்சலில் எந்த மெஷினில் நூல் அறுகிறதென்று சத்தத்தை வைத்தே சொன்னவர். மத்து சுற்றுகிற சத்தம் வெறும் தண்ணீரின் சத்தமாக இருக்கிறதே என்று காதுக்குத் தெரிந்தது. காது சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காலையில் சவரம் செய்யும்போது முகத்தை ஒத்திகை பார்த்திருந்தார். வாங்க, உக்காருங்க, என்று சொல்லிப் புன்னகைத்தார். கண்ணாடியில் ஓட்டுக் கேட்க வந்தவன் ஒருத்தன் பல்லைக் காட்டினான். பல்லை மூடிப் புன்னகைத்தார், வயிற்றுவலிக்காரன் மாதிரி இருந்தது. இந்த முகம் அவருக்கு என்றைக்குமே ஒத்துழைத்ததில்லை. சம்பளப் பேச்சுவார்த்தைக்குச் சங்கத்து ஆட்கள் நிர்வாகத்தின் முன்னால் போய் உட்காரும்போது, நாச்சியண்ணா நீங்க வெளிய டீ குடிச்சிட்டிருங்க என்று அனுப்பிவிடுவார்கள், உள்ளே அவர் உட்கார்ந்தால் எது வரை இறங்கிவருவோம் என்பது எதிராளிக்குத் தெரிந்துபோகும். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் மற்ற மூன்று பேரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். உங்களுக்கு மொகம் எதுக்குங்க, அது போஸ்டர் ஒட்டற செவுரு என்று மனைவி சரோஜா சிரிப்பாள், அவளும் போய் ஏழு வருஷம். மகனுக்கு முந்தியே போய்விட்டாள், அந்த வகையில் புண்ணியவதி. அவள் பார்க்காததைக் கோகிலா பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரி நடை. டாக்டர் இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார், எங்களால முடிஞ்சதச் செஞ்சோம் என்றார். வெளியே பெஞ்சில் கோகிலா பிரகாஷின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவர் குழாயில் முகத்தைக் கழுவி, துண்டால் அழுந்தத் துடைத்து, ராத்திரி வரைக்குமாவது சொல்லக்கூடாது, அவளுடைய அம்மா வந்து சேரட்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு நடந்து போனார். "ஒண்ணுமில்ல அம்மிணி, மயக்கத்துல இருக்கறான்" என்றார். குரல் நன்றாகத்தான் இருந்தது, நடுங்கக்கூட இல்லை. அவள் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் அவருடைய வாயைக் கேட்பதை விட்டுவிட்டாள். ரத்த அழுத்த மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால் கூட பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள், முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் டம்ளரோடு வந்துவிடுவாள். நாலு வருஷமாக அவர் ஒரு பொய்யும் சொல்லாமல் வாழ்ந்ததற்குக் காரணம் ஒழுக்கம் இல்லை, வழியில்லாமைதான்.

போன் அடித்தது. கையை எடுத்தால் இதுவரை வந்த குமிழியும் போய்விடும் என்று முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார். தாராபுரத்திலிருந்து ருக்மணியக்கா. "ஏந்தம்பி, வந்துட்டானா அவன்?" "இன்னும் இல்லீங்கக்கா." "அதென்ன கரகரன்னு சத்தம்?" "காப்பிக்கு நுரை கடையறனுங்க." "மோரத்தான் கடைவாங்க, காப்பியவா கடைவாங்க? நீ எதுக்குடா அடுப்படியில நிக்கறே? மருமகளுக்கு மாப்பிள்ள பாக்கற மாமனார நம்ம சாதிசனத்துல எங்கியாச்சும் பாத்திருக்கறயா?" "இல்லீங்கக்கா." "அப்பறம்?" நாச்சிமுத்து மத்தை வேகமாக உருட்டினார். அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நல்ல புள்ளதான் அவ, நான் இல்லீங்கல. ஆனா அவ போயிட்டா உன்னய ஆருடா பாப்பா? மருந்து மாத்திரை ஆரு குடுப்பா? நீ சரின்னு சொல்லீட்டு அந்த வீட்டுல தனியா உக்காந்துட்டு என்ன பண்ணுவே?" "அக்கா, பாலு பொங்குதுங்க, அப்பறம் கூப்படறேன்." பால் ஃபிரிட்ஜில் இருந்தது, ஆடை கட்டி, ஜில்லென்று. பார், போனில் என்றால் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. கல்யாணப் பேச்சை எல்லாம் போனிலேயே முடித்துவிடலாம், யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டாம். ஆனால் போனில் டம்ளரை நீட்ட முடியாது. அதுதான் இதில் முக்கியம். பெண் பார்க்கப் போன வீட்டில், சம்மதம் என்று ஆகிற வரைக்கும் கை நனைக்கமாட்டார்கள், பச்சைத் தண்ணீர் கூடத் தொண்டையில் இறங்காது. காங்கேயத்தில் சரோஜா வீட்டுக்குப் போனபோது இவருக்கு உயிர் போகிற தாகம், சித்திரை வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருந்தார்கள், காப்பித் தட்டம் வந்ததும் கையை நீட்டினார். அப்பா பேசிக்கொண்டே இவருடைய டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடினார். மூடியபடியே அரைமணி நேரம் மழை, மாடு, மஞ்சள் விலை எல்லாம் பேசினார். அப்புறம் கையை எடுத்தார். ஆறிப்போன அந்தக் காப்பியைக் குடித்தபோதுதான் தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்பது இவருக்குத் தெரிந்தது. இளங்கோவுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ. கோகிலாவுக்குத் தெரியும். இவர் கையால் கலந்து, இவரே நீட்டி, அந்த மனிதர் குடித்துவிட்டால் பேச்சே வேண்டாம், முகம் எப்படிக் கிடந்தால் என்ன, கை சொல்லிவிடும். குனிந்தபடியே கொடுத்துவிடலாம், டம்ளர் தளும்பாமல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. சரி, கொடுத்தால் வாங்கிக்கொண்டு அவர் என்ன சொல்வார்? மாமா என்பாரா? மருமகளின் புது மாப்பிள்ளைக்குப் பழைய மாமனார் என்ன முறை? தமிழில் எத்தனை உறவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஒன்றுவிட்ட சித்தப்பாவின் சகலைக்குக் கூட ஒரு சொல் இருக்கிறது, இதற்கு ஒன்றுமில்லை, இதை யாரும் எதிர்பார்க்கவில்லை போல. சார் என்று கூப்பிட்டுவிட்டால் நல்லது. சார் என்று கூப்பிட்டுவிட்டால் மனசு விட்டுப்போகுமே, அதுவும் உண்மை.

மூன்று முப்பத்தைந்து. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. மத்தை வைத்துவிட்டு முள்கரண்டியை எடுத்து முட்டை அடிக்கிற மாதிரி அடித்தார். இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டார். குமிழி பெரிதாக வந்தது, நெஞ்சில் ஒரு சந்தோஷம், கையை நிறுத்திப் பார்த்தால் காணோம். ஏன் வரமாட்டேன் என்கிறது? பாட்டில் தூள் வாங்கியிருந்தால் வந்திருக்குமோ? தெருமுனைக் கடையில் சின்னப் பாக்கெட்டாகச் சரம் சரமாகத் தொங்குகிறது, செருப்பை மாட்டிக்கொண்டு போனால் மூன்று நிமிஷம். ஏன் போகவில்லை? வெறும் ஜம்பம்தானா, அல்லது. அல்லது என்பதற்கு அப்புறம் போக அவருக்கு இஷ்டமில்லை, ஆனால் கை அடித்துக்கொண்டிருக்க மனசு சும்மா இருக்குமா, அது போயே விட்டது. நுரை வரக்கூடாது என்று உள்ளுக்குள் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறானோ? செய்முறையை மாற்றியது அவன்தானோ? இது நடக்காமல் போகட்டும், ஆனால் என்னால் என்று இருக்கக்கூடாது, காப்பியால் என்று இருக்கட்டும் என்று நினைக்கிறவன். அட பாவி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னும் பலமாக அடித்தார். பொள்ளாச்சி ஒன்றும் சீமையில்லை, நாற்பது கிலோமீட்டர். ஆனால் நாலரை மணிக்கு இந்த கேட் கிறீச்சிடாது. கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டு, மாமா இன்னிக்கு எட்டாங் கிளாசுல ஒருத்தன் என்ன பண்ணுனான் தெரியுங்களா என்று அவள் ஆரம்பிக்கமாட்டாள். எட்டாம் வகுப்பு அத்தனை பேரையும் அவருக்குப் பெயரோடு தெரியும், ஒருத்தனையும் பார்த்ததில்லை. அதெல்லாம் போய்விடும். டிவி மட்டும் பேசும். அக்கா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அக்காவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம், அதற்கு நடுவில் ஏதோ ஒரு மெட்டு. வாய் திறக்காமல், மூக்குக்குள்ளேயே. முதலில் பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்தார். இல்லை, கோகிலா. பிரகாஷ் போனதிலிருந்து அந்தக் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்டதில்லை, முதல் வருஷம் குழாயை வேண்டுமென்றே பலமாகத் திறந்துவிட்டிருப்பாள், எதற்கென்று இவருக்குத் தெரியும். அன்றைக்கு அவள் முணுமுணுத்தாள். பேப்பரைத் திருப்பினால் சத்தம் கேட்டு நிறுத்திவிடுவாளோ என்று அவர் அதே பக்கத்தை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் மனசுக்குள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அழுகைதான் முதலில் வந்தது. எதற்கான அழுகை என்று இன்று வரை பிரித்துப் பார்க்க முடியவில்லை, சந்தோஷம் எவ்வளவு, பயம் எவ்வளவு, பிரகாஷ் எவ்வளவு. அந்த மெட்டு நின்றுவிடக்கூடாது. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். தன் முகம் அதை நிறுத்திவிடும் என்றால் இந்த முகத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம்.

மூன்று ஐம்பதுக்கு மிக்சியை எடுத்தார். சின்ன ஜாரில் ஊற்றி, மூடியை அழுத்தி, திருகினார். மூடி அழுத்திய இடத்தில் சரியாக உட்காரவில்லை. ஒரே வீச்சில் காப்பி சுவர், காலண்டர் மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கம், ஜன்னல், இன்றைக்கென்று இஸ்திரி போட்டு உடுத்தியிருந்த வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் அடித்தது. நிறுத்தித் திறந்து பார்த்தார். பாதி இருந்தது. மேலே ஒரு விரல் உயரத்துக்கு நுரை நின்றது. நின்றது! கிண்ணத்தில் கவிழ்த்தார், கவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே அது இறங்கியது, சலவைத் தொட்டியில் அழுக்குத் தண்ணீர் அடங்குகிற மாதிரி அடங்கி, பழைய கறுப்புத் தண்ணீர் அவரைப் பார்த்தது. ஈரத்துணியால் சுவரைத் துடைத்தார், கறை பரவியது. ஐஸ் தட்டை எடுத்து முறுக்கினார், வரவில்லை, மேடையில் தட்டினார், இரண்டு கட்டி தெறித்து அடுப்புக்கு அடியில் போனது. குனிந்து தேடப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். கேட் கிறீச்சிட்டது.

"வாங்க, செருப்ப இங்கியே விடுங்க" என்று கோகிலாவின் குரல். ஒரு ஆணின் குரல் மெதுவாக ஏதோ சொன்னது. நாற்காலி நகர்ந்தது. "மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் உள்ளே வந்தாள், காலடிச் சத்தத்திலேயே ஒரு துள்ளல் இருந்தது, கூடத்தைத் தாண்டி, ஃபிரிட்ஜைத் தாண்டி, சமையலறை வாசலில் வந்து நின்றாள். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த முகத்தைத் தேடினார் நாச்சிமுத்து. ஒன்றும் கிடைக்கவில்லை. கையில் கிண்ணம், கிண்ணத்தில் தோல்வி, ஐம்பது நிமிஷத்துத் தோல்வி முழுவதும் அப்படியே முகத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது, உதடு தொங்கி, புருவம் இறங்கி. கோகிலா கிண்ணத்தைப் பார்க்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள். துள்ளல் நின்றது. "செரிங்க மாமா" என்றாள், மெதுவாக, அவரைத் தேற்றுகிற குரலில். "ஒண்ணும் இல்லீங்க. நீங்க வெசனப்படாதீங்க." திரும்பிப் போய்விட்டாள். இல்லை அம்மிணி, இது அது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் அவள் கூடத்துக்குப் போயிருந்தாள். கூடத்தில் அவள் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. "இன்னிக்கு வேண்டாமுங்க. நீங்க கெளம்புங்க, நான் அப்பறம் பேசறேன். மாமாவுக்கு ஒடம்பு சொகமில்ல." அவளும் பொய் சொல்கிறாள், இவருக்காக. நாற்காலி திரும்ப நகர்ந்தது. ஒரு சொட்டு இறங்காமல், கை நனைக்காமல், ஒரு ஆள் இந்த வீட்டை விட்டு இறங்கப்போகிறான்.

நாச்சிமுத்து ஓடினார். அறுபத்தாறு வயதில், ஐஸ் தண்ணீர் சிந்திய தரையில், கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "இருங்க!" என்று மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்துகிற குரலில் கத்தினார். வாசலில் ஒரு கால் செருப்பிலும் ஒரு கால் தரையிலுமாக இளங்கோ நின்றான். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கையில் ஒரு பழப்பையை வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அவனும் பயந்துபோயிருந்தான். இத்தனை நாளும் அவனுக்கு ஒரு முகம் இருக்கும் என்றே நாச்சிமுத்துவுக்குத் தோன்றியதில்லை. "இதுக்குத்தானுங்க மொகம் இப்பிடி ஆச்சு" என்று கிண்ணத்தை அவன் முன்னால் நீட்டினார். "மூணு மணியிலருந்து அடிக்கறேன். நுரையே வர மாட்டீங்குது." இளங்கோ கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தான், மோந்து பார்த்தான். "இது டிக்காஷனுங்களா?" "மொத டிக்காஷன். பீபரி." "டிக்காஷன்ல வராதுங்க. அந்தப் பாட்டில் தூள்லதான் வரும். இத நாளைக்கு வரைக்கும் அடிச்சாலும் இப்பிடியேதான் இருக்கும்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்று கோகிலாவைப் பார்த்தான். நாச்சிமுத்து கிண்ணத்துக்குள் தானும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். உள்ளே எவனும் உட்கார்ந்து சதி பண்ணவில்லை. தூள்தான் தப்பு. வெறும் ஜம்பம்தான், கிழட்டு ஜம்பம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இளங்கோ செருப்புக் காலை வெளியே எடுத்து, கிண்ணத்தை வாங்கி, நின்றபடியே வாயில் வைத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். நாலு ஸ்பூன் சர்க்கரையும் மிக்சி வாடையும் சேர்ந்த அந்தக் கசப்புத் தண்ணீரை முகம் கோணாமல் குடித்தான். கொடுத்துவைத்தவன், அவனுக்கு அப்படி ஒரு முகம். "நல்லா இருக்குதுங்க" என்றான். அது பொய் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் கோகிலா அசையவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க எனக்காகச் சொல்றீங்க மாமா" என்றாள். "எனக்குத் தெரியும். நான் பாத்தனுங்க உங்க மொகத்த. காப்பிக்கு ஒருத்தர் மொகம் அப்பிடிப் போகுமா?" நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, காப்பிதான், காப்பி மட்டும்தான் என்று சத்தியம் பண்ணிவிடலாம், ஆனால் அவள் கேட்கப்போவது வாயை இல்லை. "காப்பிக்கு மட்டும் இல்ல" என்றார். "நீ போறதுக்குந்தான். எனக்கு நாலரை மணிக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அத நெனச்சா மொகம் சுருங்கத்தான் செய்யும். சுருங்கட்டும். எனக்குக் கஷ்டமா இருக்குதுன்னா அது வேண்டாம்னு அர்த்தம் இல்ல அம்மிணி. கஷ்டமா இருக்குது, வேணும். ரெண்டும் நெசம். நீ பாட்டுக்கு ஒண்ண மட்டும் படிச்சுட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் இறங்கி, காப்பி தெறித்த சட்டைக் காலரில் விழுந்தது. துண்டைத் தேடினார், தோளில் இல்லை. "அழுவறீங்களே மாமா" என்றாள் அவள், அவளும் அழுதுகொண்டு. "ஆமா, அழுவறேன். நான் பாட்டுக்கு அழுதுட்டு இருப்பேன். நீ போயி காலண்டரக் கழட்டிட்டு வா."

அவள் கொண்டுவந்தாள். ஓரத்தில் காப்பி வடிந்து தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, பிரித்துப் பிரித்துத் தள்ளினார். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. மூக்குக் கண்ணாடி இல்லாமல் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தார், வைகாசியில் முதல் வளர்பிறை முகூர்த்தத்தின் மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் தலையை நிமிர்த்தினார். எங்கேயும் திரும்பவில்லை, துடைக்கவில்லை, ஈரமும் கோணலுமாக எப்படி இருந்ததோ அப்படியே முகத்தை மருமகளுக்கு நேராகப் பிடித்தார்.

"இப்பப் பாரு அம்மிணி" என்றார். "நல்லாப் பாத்துக்க."